மதினியின் எலிகளும் ஜீனின் முயல்களும்

ஜீனின் காரில் பின்சீட்டில் எப்போதும் ஒரு மரப்பெட்டி இருக்கும். பக்கவாட்டில் வட்ட வட்டமாக ஓட்டை போட்டு, தோளில் மாட்ட வார் வைத்த பெட்டி. கார் திரும்பும்போதெல்லாம் அதற்குள் எதுவோ புரண்டு படுக்கும், நகத்தால் பிறாண்டும், சில நாள் தும்மவும் செய்யும். நான் கேட்டதில்லை. இங்கிலாந்தில் லிங்கன்ஷயரின் இந்தச் சின்ன ஊருக்கு நர்ஸ் வேலைக்கு வந்த புதிதில் நான் கற்றுக்கொண்ட முதல் மரியாதை, அடுத்தவர் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்காமல் இருப்பது. நம் பக்கத்தில் சாத்தூர் பஸ்ஸில் ஒருத்தி மூடிபோட்ட கூடையோடு ஏறட்டும், இருக்கன்குடி வருவதற்குள் உள்ளே இருப்பது கோழியா, ஆட்டுக்குட்டியா, யார் வீட்டு நேர்த்திக்கடன் என்று டிரைவர் வரைக்கும் தெரிந்துவிடும். இங்கே நானும் ஜீனும் ஒரே காரில் முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போவோம், மழையைப் பற்றிப் பேசுவோம், இறங்கிக்கொள்வோம். நான் வார்டுக்கு, அவள் துணி துவைக்கும் பகுதிக்கு. பஸ் சரியாக வராத ஊரில் என்னைப் பார்த்துப் பாவப்பட்டு லிஃப்ட் கொடுக்கிறவளிடம் பெட்டிக்கணக்கு கேட்பது அழகில்லை என்று இருந்துவிட்டேன்.

ஒருநாள் பெட்டியின் கதவு சரியாகச் சாத்தவில்லை போலிருக்கிறது. என் காதுக்குப் பக்கத்தில் ஈரமாக ஏதோ பட்டது. திரும்பிப் பார்த்தால், வெள்ளைவெளேரென்று ஒரு பிராணி, கீரிப்பிள்ளையைப் பிடித்து நீளமாக இழுத்துவிட்ட மாதிரி, சீட்டின் மேல் நின்று என் தலை எண்ணெயை முகர்ந்துகொண்டிருந்தது. நான் அசையவில்லை. அதுவாக என் தோளில் இறங்கி, மடியில் சுருண்டு படுத்துக்கொண்டது. ஜீன் கண்ணாடியில் பார்த்துவிட்டுக் காரை ஓரம் கட்டினாள்.

“நீ கத்தவில்லையே,” என்றாள்.

“கத்தியிருக்க வேண்டுமா?” என்று கேட்டேன். அது இந்த ஊர் வழக்கமோ என்று எனக்கு நிஜமாகவே சந்தேகம்.

ஜீன் அந்தப் பிராணியை வாங்கிப் பெட்டியில் விட்டாள், காரைக் கிளப்பினாள், இல்லத்து வாசலில் நிறுத்திய பிறகு கேட்டாள்: “ஞாயிற்றுக்கிழமை உனக்கு வேலை இருக்கிறதா, டக்?” இந்தப் பக்கத்தில் பிரியமானவர்களை வாத்து என்றுதான் கூப்பிடுவார்கள். அதற்கும் நான் பழகியிருந்தேன்.

அந்தப் பிராணிக்கு ஃபெரட் என்று பெயர். முயல் வளைக்குள் அதை விட்டால், முயல்கள் அரண்டுபோய் வெளியே பாயும். அதற்கு முன்பே ஒவ்வொரு வாயிலும் சின்ன வலையை விரித்து முளையடித்து வைத்திருப்பார்கள். நம் ஊர் சுருக்குப்பை மாதிரியே இருக்கும் வலை, முயல் விழுந்ததும் வாய் சுருங்கிக்கொள்ளும். பயிரைத் தின்று தீர்க்கிற முயல்களைப் பிடிக்க வரச்சொல்லி விவசாயிகளே கூப்பிடுவார்கள். இது ஒருத்தர் செய்கிற வேலை இல்லை. ஜீனின் புருஷன் ரான்தான் அவளுக்குச் சேக்காளியாகப் போய்வந்திருக்கிறார். இப்போது அவருக்கு மண்டி போட்டால் முட்டி திரும்ப நிமிர்வதில்லை. பக்கத்து வீட்டுக்காரியைக் கூட்டிப்போனாளாம், அவள் வாய் ஓயவில்லை. அக்கா மகனைக் கூட்டிப்போனாளாம், அவன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் முயல் வலையோடு ஓடிவிட்டது. இதையெல்லாம் அவள் சொன்னபோது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வந்து ஒரு வருஷம் தாண்டியிருந்தது. என் வீட்டுக்காரருக்கு உறையவைத்த காய்கறி கம்பெனியில் ராத்திரி ஷிப்ட், எனக்குப் பகல் ஷிப்ட், நாங்களே வாசற்படியில்தான் பார்த்துக்கொள்வோம். எல்லாரும் என்னிடம் நல்லவிதமாகத்தான் பேசுவார்கள், யாரும் எங்கேயும் கூப்பிட்டதில்லை. ஒருத்தி என்னைத் தேர்ந்தெடுத்து, நீ வா என்று சொன்னது அதுதான் முதல் தடவை. இதை எப்பாடுபட்டாவது விட்டுவிடக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

தவிர, இந்த வேலையில் நான் புதுசும் இல்லை. படிக்கிறவர்களில் சிலர் இந்த இடத்தில் முகம் சுளிப்பீர்கள், சுளித்துக்கொள்ளுங்கள். நான் வெள்ளெலி தின்று வளர்ந்தவள். நெல் வயலில் திரியும் எலி வேறு. கரிசலில் கடலையும் கம்பும் தின்று கொழுத்த, வயிறு வெளுத்த எலி இது. சுட்டுத் தோலுரித்துச் சின்ன வெங்காயம் போட்டு வதக்கினால், கறிக்கடைப் பக்கமே போக மாட்டீர்கள். எங்கள் வீட்டில் எலிக்குப் போகிறவள் என் அண்ணனைக் கட்டிய பாண்டியம்மா மதினி. சிவகாசிக்குக் கிழக்கே ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கிற வேலை அவளுக்கு. காலையில் வேன் வந்து அள்ளிக்கொண்டு போகும், சாயங்காலம் உடம்பெல்லாம் வெள்ளிப்பொடி மினுமினுக்க இறக்கிவிடும். லீவு நாளில் படுத்துக் கிடக்காமல் மம்பட்டியைத் தூக்கிக்கொண்டு அறுத்த காட்டுக்குப் போய்விடுவாள். எலிக்கு எல்லாரும் வைக்கோலைக் கொளுத்திப் புகை போடுவார்கள். மதினி போடமாட்டாள். “வாரம் பூரா தீக்குச்சிக்குப் பயந்து வேல பாக்கேன். லீவுலயும் நெருப்போட கெடக்கச் சொல்றியா?” என்பாள். வெட்டித்தான் பிடிப்பாள். அவள் ஒரு வாயில் வெட்டிக்கொண்டே போவாள், எலி வேறு வாய் வழியாகப் பாயும். அங்கே ஒருத்தி கையும் துணியுமாகக் கவிழ்ந்து கிடக்க வேண்டும். அந்த ஒருத்தியைத் தேடித்தான் மதினி பாடாய்ப் பட்டாள்.

முதலில் என் அண்ணனைக் கூட்டிப்போனாள். புதுப்பெண்டாட்டியோடு காட்டுக்குப் போகிற ஆசையில் அண்ணனும் சீவிச் சிங்காரித்துப் போனான். திரும்பி வரும்போது இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. பிறகு ஒருநாள் என்னிடம் சொன்னாள்: “உங்கண்ணன் நல்ல மனுசன்தான் முத்து. புருசனா வச்சுக்கிறலாம். எலிக்குக் கூட்டிட்டுப் போகத்தான் முடியாது.” ஏன் என்று கேட்டால், அவன் நினைத்த நேரத்துக்கு எழுந்து நிற்கிறான் என்றாள். மருந்து அறையில் அவளுக்குப் பழகிப்போன பயம் அது. அங்கே யாரும் சொல்லாமல் எழுந்திருக்கக் கூடாது, திடீரென்று கூப்பிடக் கூடாது, கோபத்தோடு உள்ளே வரக் கூடாது. ஒருத்தர் கை தடுமாறினால் எல்லார் கதையும் முடிந்தது. பக்கத்தில் உட்காருகிறவளைப் பார்த்துப் பார்த்து எடைபோட்ட கண்ணோடுதான் அவள் எலிக்கும் ஆள் எடுத்தாள். நான் மதுரையில் நர்சிங் படித்துக்கொண்டிருந்த காலம். லீவுக்கு வந்த என்னை வேறு வழியில்லாமல் கூட்டிப்போனாள். முதல் வளையிலேயே ஒரு கிழட்டு எலி என் கையைத் தாண்டி, பாவாடைக்குள் புகுந்து, தொடையைச் சுற்றி வந்து வெளியேறியது. வளையின் வாயைப் பொத்திக் கிடந்த நான் எழுந்திருக்கவில்லை. எனக்குப் பயம் இல்லாமல் இல்லை, எழுந்தால் மதினி திட்டுவாளே என்ற பயம் பெரிதாக இருந்தது. மதினி மம்பட்டியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிசிரியென்று சிரித்தாள். “இனிமே நீ லீவுக்கு வந்தாத்தான் எனக்கு எலி,” என்றாள்.

பிடித்ததைப் பங்கு வைப்பதிலும் மதினிக்கு ஒரு முறை உண்டு. கருவேல நிழலில் உட்கார்ந்து, அச்சாபீஸில் கழித்துப் போட்ட காலண்டர் தாளை விரிப்பாள். சாமி படம் இல்லாத தாளாகப் பார்த்து எடுத்து வந்திருப்பாள். பனிமலை, ஓடை, செங்கல் புகைபோக்கி வைத்த குட்டி வீடு என்று அதில் இருக்கும். அதன் மேல் எலிகளை இரண்டு கூறாகப் போடுவது என் வேலை. கூறு போட்டவள் கடைசியில்தான் எடுக்க வேண்டும், அப்போதுதான் கை ஒழுங்காக இருக்கும். எவ்வளவு குறைவாகக் கிடைத்தாலும் கூறு உண்டு. கூறு இல்லாமல் ஒருத்திக்கே மொத்தத்தையும் கொடுத்துவிட்டால், அதற்கு அர்த்தம் வேறு. எனக்கு முன்னால் மதினியோடு சண்முகத்தாய் என்று ஒருத்தி போய்க்கொண்டிருந்தாள். அவள் ஓயாமல் குறை சொல்கிறவள். ஒருநாள் மதினி அத்தனை எலியையும் தாளில் சுருட்டி, “அம்புட்டும் நீயே கொண்டு போக்கா,” என்று கையில் கொடுத்தாளாம். சண்முகத்தாய்க்குப் புரிந்துவிட்டது. வாங்கிக்கொண்டு போனவள் அப்புறம் எலிக்கு வரவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து சினிமாவுக்குப் போனார்கள், இருக்கன்குடி கோவிலுக்கு நடந்தார்கள், ஒரு வார்த்தை பிசகவில்லை. எங்கள் ஊர்ப் பெண்கள் ஒருத்தியை வேட்டையிலிருந்து விலக்குவது இப்படித்தான்.

இதையெல்லாம் மனசில் வைத்துக்கொண்டுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை ஜீனோடு போனேன். உறைபனி விழுந்து புல்லெல்லாம் உப்புப் பூத்த மாதிரி இருந்தது. என் வீட்டுக்காரரின் கம்பெனி பூட்ஸைக் காகிதம் திணித்துப் போட்டிருந்தேன். ஜீன் சொல்வதற்கு முன்பே காற்றுக்கு எதிர்ப்பக்கமாக நடந்தேன், காலை அழுத்தி வைக்கவில்லை. வேலியோரத்து மேட்டில் வளைகள். ஜீன் வலைகளை விரித்துக்கொண்டே வந்தாள். முட்புதருக்கு அடியில் இன்னொரு வாய் இருந்தது. ஜீனுக்கு அது தெரிந்தே இருந்தது, வலைதான் தீர்ந்துவிட்டது. அவள் என்னைப் பார்த்தாள். நான் புதருக்குள் நுழைந்து அந்த வாயின் மேல் கவிழ்ந்து படுத்துவிட்டேன். ஃபெரட் உள்ளே போனது. பூமிக்கு அடியில் தடதடவென்று சத்தம். எனக்குக் குளிரே தெரியவில்லை. முதல் முயல் வலையில் விழுந்தது, ஜீன் பாய்ந்து பிடித்தாள். அடுத்தது நேராக என் மார்பில் வந்து முட்டியது. எலிக்குப் பழகின கைக்கு முயல் ஆட்டுக்குட்டி கனம். இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு படுத்திருந்தேன். “இருக்கிறது,” என்று மட்டும் மெதுவாகச் சொன்னேன். ஜீன் வந்து வாங்கிக்கொண்டாள். மத்தியானம்வரைக்கும் நாங்கள் பேசியது அநேகமாக அவ்வளவுதான். இத்தனை சந்தோஷமாக நான் இந்த நாட்டில் ஒருநாளும் இருந்ததில்லை.

வீட்டு வாசலில் என்னை இறக்கிவிட்டபோதுதான் அது நடந்தது. ஜீன் டிக்கியைத் திறந்தாள், பிடித்த முயல்கள் அத்தனையையும் பின்னங்காலில் கயிறு கட்டி, மொத்தமாக என் கையில் கொடுத்தாள். “எல்லாம் உனக்குத்தான், டக்.”

“உங்களுக்கு?”

“வேண்டாம், வேண்டாம். எல்லாவற்றையும் நீயே வைத்துக்கொள்.”

கையசைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் முயல்களோடு வாசலில் நின்றேன். நான் என்ன தப்பு செய்தேன்? புதருக்குள் நுழைந்தபோது சுள்ளி முறிந்ததே, அதுவா? ‘இருக்கிறது’ என்று வாய் திறந்தேனே, அதுவா? என் வீட்டுக்காரர், “இவ்வளவு கறி குடுத்திருக்காங்க, உனக்கென்ன அழுகை?” என்றார். அவர் தஞ்சாவூர்ப் பக்கம், அவருக்கு எங்கள் ஊர் எலி விவகாரம் புரியாது. காலிங் கார்டைச் சுரண்டி மதினிக்கே போன் போட்டேன்.

முழுக் கதையையும் கேட்டுவிட்டு மதினி ஒரு பெருமூச்சு விட்டாள். “அம்புட்டையுமா குடுத்தா?”

“ஆமா மதினி.”

“சிரிச்சிக்கிட்டா, மொறச்சிக்கிட்டா?”

“சிரிச்சிக்கிட்டுத்தான்.”

“நானும் சம்முகத்தாயிகிட்டச் சிரிச்சிக்கிட்டுத்தான் குடுத்தேன்,” என்றாள். பிறகு அவளே யோசனையும் சொன்னாள்: “பாதியக் கொண்டு போயித் திருப்பிக் குடு தாயி. வாங்கிக்கிட்டான்னா சேத்தி இருக்கு. வாங்கலைன்னா விட்ரு. ஒனக்கென்ன ஆளா கெடைக்காது?”

மறுநாள் காரில் ஏறியதும் பாதி முயல்களை ஜீனிடம் நீட்டினேன். அவள் முகம் விழுந்துவிட்டது. “உங்கள் ஆட்கள் இதைச் சாப்பிட மாட்டீர்களோ? எனக்குத் தெரியாமல் போச்சே,” என்றாள். சாப்பிடுவோம் என்றேன். அப்படியானால் ஏன் என்று அவள் கேட்கவில்லை, இந்த ஊரில்தான் கேட்க மாட்டார்களே. வாங்கிப் பின்சீட்டில் வைத்தாள். வாங்கிக்கொண்டாள் என்று நான் மனம் குளிர்ந்துபோனேன். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் கூப்பிடவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. காரில் மழையைப் பற்றி மட்டும் பேசினோம், மழையும் பெய்து தொலைத்தது.

ஒரு திங்கட்கிழமை அவள் கையெல்லாம் முள் கிழித்து, விரலில் பிளாஸ்டர் ஒட்டி வந்தாள். தனியாகப் போயிருக்கிறாள். என்னால் அடக்க முடியவில்லை. சிவகாசிக்காரி எத்தனை நாள்தான் கேட்காமல் இருப்பாள்? என் ஓட்டை இங்கிலீஷில் கொட்டிவிட்டேன். “நான் என்ன தப்பு செய்தேன்? ஏன் என்னை விலக்கினாய்?”

ஜீன் திகைத்துப்போனாள். “விலக்கினேனா? நீதான் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தாய்.”

“நீதான் எல்லாவற்றையும் எனக்கே கொடுத்தாய்.”

“ஆமாம், முதல் நாள் வருகிறவளுக்கு எல்லாவற்றையும் கொடுப்போம். என் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். அப்போதுதான் மறுபடி வருவார்கள்.”

நான் எங்கள் முறையைச் சொன்னேன். மதினியை, எலிகளை, காலண்டர் தாளை, சண்முகத்தாயை எல்லாம் சொன்னேன். ஜீன் கேட்டுக்கொண்டே வந்தவள், சண்முகத்தாய் எலிகளைச் சுமந்துகொண்டு தனியாக நடந்த இடத்தில் சிரிக்க ஆரம்பித்தாள். காரை ஓரம் கட்டினாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். எனக்கும் தொற்றிக்கொண்டது. அன்றைக்கு இரண்டு பேரும் வேலைக்குத் தாமதம். “உன் மதினியிடம் சொல்,” என்றாள். “உன்னை நான் விடுவதாக இல்லை.”

அந்தக் குளிர்காலம் முழுக்கப் போனோம். ஜீனுக்கும் கூறு முறை பிடித்துவிட்டது. காரின் பானட்டில் செய்தித்தாளை விரித்து நான் கூறு போடுவேன், அவள் முதலில் எடுப்பாள். ஒற்றைப்படையாக வந்த அன்றைக்கு ஒரு கூறில் ஒன்று கூடுதலாக இருந்தது. ஜீன் இரண்டையும் பார்த்தாள், கொஞ்சமும் கூசாமல் பெரியதை இழுத்துக்கொண்டாள். எனக்கு அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. மதினியும் அப்படித்தான் எடுப்பாள். மரியாதை பார்த்துச் சின்னதை எடுத்திருந்தால் நான் இன்னும் வெளியாள் என்று அர்த்தம். வேட்டையில் சேக்காளியிடம் யாரும் மரியாதை பார்ப்பதில்லை.

அடுத்த தை மாதம் லீவில் ஊருக்கு வந்தேன். வந்த மறுநாளே மதினி மம்பட்டியை எடுத்துவிட்டாள். பொங்கல் லீவு முடிந்து கம்பெனி வேன் இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை. கம்பு அறுத்த காட்டில் வளைகளுக்கு வெளியே மண் பொலபொலவென்று புதுசாகக் கிடந்தது. போகும் வழியெல்லாம் ஜீனைப் பற்றித்தான் விசாரணை.

“அந்த வெள்ளக்காரி வளைய மிதிச்சு நடப்பாளா?”

“மிதிக்க மாட்டாக மதினி. பூன மாதிரி வருவாக.”

“கோவக்காரியோ?”

“இல்லவே இல்ல.”

“அவ புருசனுக்கு முட்டி போகலைன்னா ஒன்னயக் கூப்பிட்டிருப்பாளா?” என்று கேட்டாள். கொஞ்சம் பொறாமை இருந்தது, ஆனாலும், “சரி, நல்ல ஆளாத்தான் புடிச்சிருக்க,” என்று ஒப்புக்கொண்டாள்.

வேலை எங்களுக்கு மறக்கவில்லை. அவள் வெட்டினாள், நான் கவிழ்ந்து கிடந்தேன். அவள் மம்பட்டி ஓசை மாறினாலே எந்த வாயில் எலி வரும் என்று என் கைக்குத் தெரிந்தது. ஒரு எலி என் பிடியில் நழுவி அவள் காலுக்கடியில் போய், அவள் அதைப் பிடிக்க, நான் அவள் காலைப் பிடிக்க, இரண்டு பேரும் கரிசலில் உருண்டு கிடந்து சிரித்தோம். நிழலில் உட்கார்ந்து மதினி காலண்டர் தாளை விரித்தாள். நான் கூறு போட்டேன். ஒற்றைப்படை. மிச்சம் இருந்ததை அவள் பக்கத்துக் கூறில் போட்டுவிட்டு, எடுங்க என்று சொல்லிக் கையைத் துடைத்தேன்.

மதினி அதைத் தாண்டிக் கையை நீட்டிச் சின்னக் கூறை எடுத்தாள்.

“பெரிசு இந்தப் பக்கம் இருக்கு மதினி.”

“பாத்துத்தான் எடுத்தேன் தாயி. இருக்கட்டும். நீ எப்பவோ ஒருக்கா வாரவ.”

கோபமில்லை அவளுக்கு, விலக்கவும் இல்லை. அத்தனை பிரியமாகச் சொன்னாள். ஜீனிடம் அரைகுறை இங்கிலீஷில் காருக்குள் சண்டை போட்ட எனக்கு, பிறந்து வளர்ந்த பேச்சில் மதினியிடம் ஒரு வார்த்தை சொல்ல வரவில்லை. மதினி சின்னக் கூறை முந்தானையில் முடிந்துகொண்டு, மம்பட்டியைத் தோளில் போட்டு எழுந்தாள். உருண்டு விழுந்ததை நினைத்துக்கொண்டு மறுபடியும் சிரிக்க ஆரம்பித்தாள். பெரிய கூறைத் தாளோடு சுருட்டி எடுத்துக்கொண்டு, நானும் சிரித்தபடியே அவள் பின்னால் நடந்தேன்.